தறிக்குழியில் தவம் செய்த கபீர்தாசர்

காசித் திருத்தலத்தை நினைக்கும் அன்பர் உள்ளத்தில் கங்கைக் கரையின் படித்துறைகளும், விசுவநாதப் பெருமானின் ஆலய மணியோசையும், அன்னபூரணி அம்மையின் அருட்கோலமும் முதலில் எழும். அந்நகரத்துக்கு மற்றோர் ஓசையும் உரியது. அதன் குறுகிய சந்துகளில் நூற்றாண்டுகளாகத் தறியின் ஓசை கேட்டு வந்துள்ளது. மணமகள் உடுத்தும் பட்டும், தெய்வத் திருமேனியில் சாத்தும் வஸ்திரமும், தீபாவளிக்கும் ஈகைப் பெருநாளுக்கும் இல்லத்தார் தேடி வாங்கும் புத்தாடையும் அந்தத் தறிகளில் பிறந்தவை. கடல் கடந்து வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் பனாரஸ் பட்டு என்ற பெயரை அறியாத தாய்மார் அரியர். அந்தப் பனாரஸ் காசியே. அந்நகரத்துச் சந்து ஒன்றில், பதினைந்தாம் நூற்றாண்டில், ஏழை நெசவாளராக வாழ்ந்து, நாவில் இராம நாமமும் கையில் நாடாவும் ஓயாமல் இயங்கத் தம் வாழ்நாளைக் கழித்த மகான் கபீர்தாசர்.

நெய்தல் தொழிலும் இறைத்தொண்டும் இணைவது தமிழர்க்குப் புதிதன்று. சிவனடியார்களுக்கென்றே உடையும் கீளும் கோவணமும் நெய்து அளித்த கம்பிலி நகரத்து நேச நாயனாரை அறுபத்து மூவர் வரிசையில் வைத்து வணங்குகிறோம். திருவள்ளுவரையும் மயிலையில் நெசவு செய்து வாழ்ந்தவராகவே மரபு கூறும். எனவே கபீர்தாசரின் வரலாறு தமிழ் அன்பர்க்குத் தூரத்து நாட்டின் கதையாகத் தோன்றாது.

அவர் பிறந்த ஆண்டைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கபீர் நெறியினர் 1398-ஆம் ஆண்டு ஆனி மாதத்தை ஒட்டி வரும் ஜேஷ்ட பௌர்ணமியில் அவர் தோன்றினார் என்றும், 1518-இல் மறைந்தார் என்றும் போற்றுவர். அவ்வாறாயின் அவர் நூற்றிருபது ஆண்டுகள் வாழ்ந்தவராகிறார். ஆராய்ச்சியாளர் பலர் இதை ஏற்பதில்லை. பிறப்பை நாற்பது ஆண்டுகள் அளவுக்குப் பின்தள்ளி வைப்போரும் உளர். அவர் பதினைந்தாம் நூற்றாண்டுக் காசியின் மனிதர் என்பதில் பெரும்பாலோர் ஒத்த கருத்தினர். அந்த அளவே நமக்குப் போதுமானது.

பிறப்பு வரலாறு அற்புதம் கலந்தது. காசி நகரின் மேற்கே லஹர்தாரா என்னும் ஏரி ஒன்று உண்டு. அதில் தாமரை இலைமீது கிடந்த பச்சிளங் குழந்தையை, அவ்வழியே சென்ற நீரு என்னும் நெசவாளரும் அவர் மனைவி நீமாவும் கண்டெடுத்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. அந்தணக் கைம்பெண் ஒருத்தி ஊராரின் பழிக்கு அஞ்சி விட்டுச் சென்ற மகவு என்பர் சிலர்; ஒளியுருவாய் இறங்கி வந்த அருட்குழந்தை என்பர் அடியார்கள். பெற்றவர் யாராயினும், வளர்த்தவர் நீருவும் நீமாவுமே. பிள்ளையில்லாத அந்த ஏழைத் தம்பதியர் ஊரார் பேச்சைப் பொருட்படுத்தாது குழந்தையை நெஞ்சோடு அணைத்து வீடு சேர்ந்தனர்.

அவர்கள் ஜுலாகா என்னும் இஸ்லாமிய நெசவாளர் குலத்தைச் சேர்ந்தவர்கள். அக்குலத்தார் சில தலைமுறைகளுக்கு முன்னர்தான் இஸ்லாத்தைத் தழுவியவர்கள் என்றும், அதற்கு முன் நாத யோகிகளின் நெறியில் நின்ற இல்லறத்தார் என்றும் ஹஜாரி பிரசாத் துவிவேதி போன்ற அறிஞர்கள் கருதினர். கபீரின் பாடல்களில் யோக நெறியின் சொற்கள் இயல்பாக வந்து விழுவதற்கு அவ்வறிஞர்கள் காட்டும் காரணம் இதுவே. காஜியார் வந்து திருக்குர்ஆனைத் திறந்து பார்த்துக் குழந்தைக்குப் பெயரிட்டார் என்பது செவிவழிச் செய்தி. கபீர் என்னும் அரபுச் சொல்லுக்குப் பெரியவர் என்று பொருள். இறைவனுடைய திருநாமங்களுள் ஒன்றாக அமைந்த அச்சொல் ஓர் ஏழையின் பிள்ளைக்கு வாய்த்தது குறித்து அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பும் இருந்ததாம்.

கபீர் எழுத்துப் பள்ளிக்குச் சென்றவரல்லர். அவருடைய பள்ளி வீட்டுத் தரையில் தோண்டப்பட்டிருந்த தறிக்குழியே. நெசவு ஒருவர் தனித்துச் செய்யும் தொழிலன்று. ஒரு குடும்பம் முழுதும் கூடினால்தான் ஒரு துணி உருவாகும். பெண்கள் இராட்டையில் நூல் நூற்பார்கள். சிறுவர்கள் தார் சுற்றித் தருவார்கள். விடியற்காலையில் பாவு நூலை வீதியில் நீள விரித்துக் கட்டி, கஞ்சிப் பசையைத் தடவி, வெயில் ஏறுமுன் தூரிகையால் நீவி, ஒட்டிய இழைகளைப் பிரித்து உலர்த்த வேண்டும். மழை வந்தால் அன்றைய உழைப்பு பாழாகும். பழைய பாவின் நுனியில் புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைப்பது கண்ணையும் முதுகையும் வருத்தும் வேலை. ஓர் இழை தவறினாலும் துணியின் ஓரம்வரை அந்தக் குறை தெரியும்.

இத்தனையும் முடிந்த பின்னரே நெய்பவர் குழிக்குள் காலை இறக்கி அமர்வார். கால் மிதியை அழுத்தப் பாவு இரண்டாகப் பிரியும். அந்த இடைவெளியில் நாடா ஓடும். அச்சு ஊடையை இழுத்து அடிக்கும். கயிற்றை இழுத்தவுடன் நாடா தானே ஓடும் அமைப்பு 1733-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டதாகும். கபீர் காலத்தில் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பற்ற வேண்டும். வலமிருந்து இடம், இடமிருந்து வலம் என்று ஒரு நாளில் பல்லாயிரம் முறை அது போய் வரும். மூச்சும் அதனோடு சேர்ந்து நடக்கும். பிற்காலத்தில் மாலை உருட்டுவதைக் கபீர் வெளிப்படையாக எள்ளி நகையாடினார். நாள் முழுதும் நாடாவை எறிந்து பற்றிய கைக்கு வேறு மாலை தேவைப்படவில்லை போலும்!

இளமையிலேயே அவர் மனம் இறைவன்பால் திரும்பிற்று. நல்லாசிரியர் ஒருவரைப் பெற வேண்டும் என்ற தாகம் எழுந்தது. அந்நாளில் காசியில் இராமானந்தர் என்னும் வைணவப் பெரியார் வாழ்ந்து வந்தார். ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமானுஜரின் வழியில் வந்தவராக மரபு அவரைச் சொல்லும். பக்தி நெறி தென்னாட்டில் முளைத்து அவர் வாயிலாகவே வடக்கே சென்றது என்று கருதும் வழக்கு வடநாட்டாரிடையே உண்டு. ஆயினும் நெசவுச் சேரியின் இஸ்லாமிய இளைஞன் ஒருவன் அம்மகானின் திருமடத்து வாயிலில் நின்று தீட்சை வேண்டுவது அக்காலத்தில் எளிதான காரியமன்று.

கபீர் ஒரு வழி கண்டார். இராமானந்தர் வைகறை இருளில் பஞ்சகங்கை படித்துறைக்கு நீராட வருவது வழக்கம். அவர் இறங்கும் படியிலேயே கபீர் உடலைக் குறுக்கிப் படுத்துக் கிடந்தார். இருட்டில் பெரியவரின் திருவடி அவர்மேல் பட்டது. யாரையோ மிதித்து விட்டோமே என்ற பதற்றத்தில் அவர் வாயிலிருந்து இராம நாமம் வெளிப்பட்டது. திருவடி தீட்சையும் மந்திர உபதேசமும் ஒருங்கே கிடைத்துவிட்டன என்று கபீர் எழுந்து சென்றார். செய்தி அறிந்த இராமானந்தர் பின்னர் அழைத்து விசாரித்து, அவருடைய உறுதியைக் கண்டு நெகிழ்ந்து ஏற்றுக்கொண்டதாகப் பக்த சரித்திரங்கள் பேசும். இருவர் காலமும் பொருந்துமா என்று ஐயுறும் ஆய்வாளர் இன்றும் உளர். கபீர் கண்ட இராமன் அயோத்தி வேந்தனல்லன், உருவமும் குணமும் கடந்த பரம்பொருள் என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும்.

நாமம் கிடைத்தது; வீட்டில் அமைதி போயிற்று. இதனைப் பக்தி நூல்கள் விரைந்து கடந்து விடுகின்றன. எனினும் கபீரின் பெயரால் வழங்கும் பாடல்களிலேயே இது மறைக்கப்படாமல் நிற்கிறது. மகன் தறியைக் கைவிட்டு எந்நேரமும் நாமத்திலேயே ஆழ்ந்திருக்கிறானே, இந்தக் குழந்தைகள் எவ்வாறு பிழைக்கும் என்று தாய் விம்மி அழும் பாடல் ஒன்று சீக்கியரின் திருநூலில் இடம் பெற்றுள்ளது. எல்லாருக்கும் படியளப்பவன் ஒருவன் இருக்கிறான் என்னும் பொருள்படக் கபீர் அவளுக்கு ஆறுதல் கூறுகிறார். பக்தருக்கு அந்த விடை போதும். நாளைக்கு அடுப்பில் எதை ஏற்றுவது என்று எண்ண வேண்டியவளுக்கு அது போதுமா? நீமாவின் கண்ணீரில் நியாயம் இருந்தது. ஏரிக்கரையில் ஊர்ப்பழியை ஏற்று எடுத்து வளர்த்தவள் அவள். சாதுக்கள் நாள்தோறும் வீடு தேடி வர, இருந்த மாவும் அவர்களுக்கே போக, பாவு காய்ந்து தறியில் கிடந்ததைக் கண்டவளும் அவளே.

ஆயினும் கபீர் தறியை ஒரேயடியாகத் துறந்து காவியுடுத்திக் காட்டுக்குச் சென்றவரல்லர். தம்மைக் காசி நகரத்து ஜுலாகா என்றே பாடல்தோறும் அவர் சொல்லிக் கொள்கிறார். அவருக்கு லோயி என்னும் மனைவியும், கமால் என்னும் மகனும், கமாலி என்னும் மகளும் இருந்ததாகப் பலரும் கூறுவர். அவர் துறவியே என்று கபீர் நெறியினருள் ஒரு சாரார் வாதிடுவதும் உண்டு. தாம் நெய்த துணியைத் தோளில் சுமந்து கடைத்தெருவுக்குச் சென்று விற்று, அந்தக் காசில் அன்றாட உணவைக் கொண்டு வந்த இல்லறத்தாராகவே மக்கள் மனத்தில் அவர் நிலைபெற்றுள்ளார்.

அவர் நெய்தது எத்தகைய துணி? நாட்காட்டிப் படங்களில் சில வேளை பொன்னிழை மின்னும் பட்டைத் தறியில் வைத்து வரைந்து விடுகிறார்கள். சரிகைப் பூவேலை கொண்ட காசிப் பட்டு பெரும் புகழ் பெற்றது பின்னாளில், முகலாயர் ஆட்சிக் காலத்தில். காசியின் மெல்லிய பருத்தித் துணியோ மிகத் தொன்மையானது. பௌத்த இலக்கியங்களே அதனைப் புகழ்கின்றன. கபீரின் குலத்தார் பருத்தி நெய்தவர்கள். ஆதலின் செல்வர் திருமணத்துக்குரிய பட்டைக் காட்டிலும், எளிய மக்கள் திருவிழாவுக்கு வாங்கி உடுத்தும் வெள்ளைத் துணியும், குளிருக்குப் போர்த்தும் சாதரமுமே அவர் கையிலிருந்து பிறந்திருக்க வேண்டும். பண்டிகைக்கு முந்திய நாட்களே நெசவாளர் கையில் நாலு காசு சேரும் நாட்கள். ஊருக்கெல்லாம் புத்தாடை நெய்து தந்துவிட்டுத் தம் பிள்ளைகளுக்குப் பழந்துணியைத் துவைத்துக் கட்டிவிடும் வீடுகள் நெசவுத் தெருக்களில் எக்காலத்திலும் உண்டு.

கடைத்தெருவில் நடந்த அந்த நிகழ்ச்சியைக் கேளாத பஜனை மடம் இல்லை எனலாம். வீட்டில் தானியம் தீர்ந்திருந்தது. பல நாள் உழைத்து நெய்து முடித்த ஒரே துணிச் சுருளை எடுத்துக்கொண்டு கபீர் சந்தைக்குச் சென்றார். துணியைக் கையில் பிடித்தபடி நின்றவரிடம் நடுங்கும் உடலுடன் முதியவர் ஒருவர் வந்தார். உடுத்த ஏதுமில்லை, குளிர் தாங்க முடியவில்லை, துணி தர வேண்டும் என்று வேண்டினார். கபீர் துணியைச் சரிபாதியாகக் கிழித்து ஒரு பகுதியை நீட்டினார். மறுபாதியை விற்றால் பாதி நாள் உணவுக்காவது ஆகும் என்பது அவர் கணக்கு.

நெசவாளர் ஒருவர் தம் கையால் முடித்த துணியைத் தாமே கிழிப்பது எத்தகைய செயல் என்பதை அத்தொழில் அறிந்தவர் உணர்வர். ஆனால் முதியவர் நகரவில்லை. பாதி எனக்குப் போதாது, முழுவதும் வேண்டும் என்றார். கபீர் ஒரு கணம் வீட்டை எண்ணியிருப்பார்; தாயை எண்ணியிருப்பார். பிறகு மறுபாதியையும் அவர் கையில் வைத்தார்.

கொடுத்தவருக்கு வீடு திரும்பும் துணிவு வரவில்லை. கதை சொல்பவர்கள் இவ்விடத்தை மறைக்காமல் சொல்லியிருப்பது பாராட்டத்தக்கது. பெரிய தியாகம் செய்துவிட்டோம் என்று நிமிர்ந்து நடந்தார் என்று அவர்கள் கூறவில்லை. வெறுங்கையோடு தாய் முகத்தில் எவ்வாறு விழிப்பது என்று அஞ்சி, சந்தைப் புறத்திலேயே ஒளிந்து கிடந்தார் என்றே கூறுகிறார்கள். வீட்டில் பசி, வெளியில் குளிரில் நடுங்கும் மனிதன், கையில் ஒரே துணி. ஒருவரைக் காத்தால் மற்றவர் வாடுவர் என்ற அந்த நிலையில் தாம் செய்தது முற்றும் சரியே என்ற நிச்சயம் கபீருக்கே இருந்ததாகத் தோன்றவில்லை.

அவர் ஒளிந்திருந்த நாட்களில், எருதுகள் மீது மாவும் நெய்யும் பருப்பும் வெல்லமும் ஏற்றிக்கொண்டு வணிகர் ஒருவர் நீமாவின் வாசலில் வந்து இறங்கினார். வந்தவர் கேசவப் பெருமானே என்பது அடியார் நம்பிக்கை. கபீரின் உருவிலேயே வந்தார் என்றும் சில வடிவங்களில் உண்டு. மூட்டைகளைக் கண்ட தாய் மகிழ்வதற்கு மாறாக அஞ்சினாளாம். இத்தனை பொருள் ஏழை வீட்டுக்கு எப்படி வந்தது, நாளை அரசுக் காவலர் வந்து மகனைப் பிடித்துச் சென்றால் என்ன செய்வது என்பது அவள் கவலை. ஏழையின் வீட்டில் அற்புதம் நிகழ்ந்தாலும் முதலில் நுழைவது அச்சமே. பின்னர்க் கபீரைத் தேடி அழைத்து வந்தார்கள். நடந்ததை அறிந்த அவர் இறைவனின் கருணையை எண்ணிக் கண்ணீர் பெருக்கினார். வந்த பொருளையும் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அடியார்களைக் கூட்டி வழங்கிவிட்டார் என்று கதை முடியும். நீமா அன்று என்ன சொன்னாள் என்று எந்நூலும் எழுதவில்லை.

இக்கதையை மட்டும் கேட்பவர்கள் கபீர் உடலின் தேவைகளை அறவே மறந்தவர் என்று எண்ணிவிடக் கூடும். உண்மை அதுவன்று. பசித்த வயிற்றோடு பக்தி செய்ய இயலாது என்று இறைவனிடமே வழக்காடும் பாடல் ஒன்று அவர் பெயரில் உள்ளது. இரண்டு சேர் மாவு, கால் சேர் நெய், உப்பு, அரைச் சேர் பருப்பு, நான்கு கால்களும் உள்ள கட்டில், தலையணை, மெத்தை, போர்த்துக்கொள்ள ஒரு போர்வை என்று அதில் பட்டியல் போட்டுக் கேட்கிறார். பேராசைப்படவில்லை என்றும் சேர்த்துக் கொள்கிறார். பிறர்க்குப் போர்வை நெய்தவர் தமக்கு ஒரு போர்வை வேண்டி இறைவனிடம் விண்ணப்பம் செய்கிறார். தாயின் அழுகை அவர் செவியில் விழாமல் போகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தறியே அவருக்கு வேத நூலும் ஆயிற்று. வானையும் மண்ணையும் தறிக்குழியாக்கி, ஞாயிற்றையும் திங்களையும் நாடாவாக ஓடவிட்டு உலகை நெய்யும் பெரிய நெசவாளனாக இறைவனைக் கண்டு பாடினார். மனித உடலை இறைவன் நெய்து கொடுத்த மெல்லிய ஆடையாகக் கண்ட பாடலும் அவர் பெயரால் வழங்குகிறது. வடநாட்டில் இன்றும் பஜனைகளில் அது உருக்கத்தோடு பாடப்படுகிறது. தேவரும் முனிவரும் அந்த ஆடையை உடுத்தி அழுக்காக்கினர். தாம் அதைப் பெற்றபடியே கறைபடாமல் திருப்பிக் கொடுத்ததாக அதில் அவர் கூறுகிறார். பிறர் உடுத்தப்போகும் துணியில் தம் கை அழுக்கும் வியர்வையும் படாமல் நாள்தோறும் நெய்து பழகியவருக்கே இந்த உவமை எளிதில் கைவரும்.

அவருடைய மொழி பண்டிதர் மொழியன்று. கடைத்தெருவிலும் படித்துறையிலும் வழங்கிய கலப்பு மொழி. கூர்மையான ஈரடிப் பாடல்களில் அவர் எவரையும் விட்டு வைக்கவில்லை. பொருளுணராமல் செய்யும் சடங்கையும், சாதிச் செருக்கையும், சிலையை வணங்கிவிட்டு மனிதரை இகழ்வதையும் சாடினார். பள்ளிவாசலில் உரக்கக் கூவுவதையும், உயிர்ப் பலியையும் அதே வேகத்தில் சாடினார். இதனால் பண்டிதரும் முல்லாக்களும் ஒருசேர அவர்மேல் சினம் கொண்டனர். தில்லி சுல்தான் சிக்கந்தர் லோடியிடம் வழக்கு சென்றதாகவும், சங்கிலியால் பிணித்துக் கங்கையில் எறிந்தும், மதயானையின் முன் தள்ளியும் அவருக்கு ஊறு நேரவில்லை என்றும் வரலாறுகள் கூறும். நம் திருநாவுக்கரசர் கல்லைக் கட்டிக் கடலில் இடப்பட்டும், யானையின் முன் விடப்பட்டும் பிழைத்த வரலாறு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. லோடியின் ஆட்சி 1489 முதல் 1517 வரை நடைபெற்றது.

உருவ வழிபாட்டை மறுத்த ஒருவரை உருவ வழிபாட்டில் தோய்ந்த அடியார்களும் தம்முள் ஒருவராக ஏற்றுக்கொண்டது பாரத நாட்டின் பெருந்தன்மை. மராட்டிய நாட்டு மகிபதி 1762-இல் இயற்றிய பக்த விஜயத்தில் பாண்டுரங்கனின் அன்பர்களோடு அவருக்கும் இடம் தந்தார். அந்நூல் தமிழிலும் வழங்கியதால்தான் நம் பாட்டிமார் கபீர்தாசர் கதையை அறிந்திருந்தனர்.

முதுமையில் அவர் செய்த ஒரு செயல் காசி மக்களை வியப்பில் ஆழ்த்திற்று. காசியில் இறப்பவர்க்கு முக்தி கிட்டும் என்பது நெடுநாள் நம்பிக்கை. அதற்காகவே முதியோர் தொலைவிலிருந்து அங்கு வந்து தங்குவர். இதற்கு நேர்மாறாக, வடக்கே கோரக்பூர் செல்லும் வழியிலுள்ள மகர் என்னும் ஊரில் இறப்பவர் மறுபிறப்பில் கழுதையாவர் என்ற பேச்சும் இருந்தது. வாழ்நாள் முழுதும் காசியில் நெய்து வாழ்ந்த கபீர், இறுதிக் காலத்தில் காசியை விட்டு அந்த மகருக்குப் புறப்பட்டார். நெஞ்சில் இராமன் இருந்தால் எந்த மண்ணும் ஒன்றே. இல்லையெனில் காசி என்ன செய்யும் என்பது அவர் நிலை. சொல்லோடு நில்லாமல், தள்ளாத வயதில் 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி சென்று அதனை மெய்ப்பித்தார். பிறந்து வளர்ந்த நகரை நீங்கியது அவருக்கு வருத்தமே தரவில்லை என்று கூறிவிட முடியாது. நீரைப் பிரிந்த மீனைப் போல் தம்மை உணர்ந்து அவர் பாடிய பாடலும் உண்டு.

ஆமி நதிக்கரையில் அமைந்த அச்சிற்றூரில் 1518-இல் அவர் உடல் நீத்தார் என்பர். அவருடைய திருவுடலை எரிப்பதா, அடக்கம் செய்வதா என்று இந்து அன்பர்களும் இஸ்லாமிய அன்பர்களும் போர்க்கோலம் பூண்டு நின்றனர். ஒரு பக்கம் வீர் சிங் பகேலர் என்னும் அரசர். மறுபக்கம் பிஜிலி கான் என்னும் நவாபு. பின்னர் மேலே போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பார்த்தபோது உடல் இல்லை. மலர்க் குவியலே இருந்தது. மலர்களை இரு பங்காக்கி, ஒரு பங்கைக் காசிக்குக் கொண்டு சென்று எரியூட்டினர். மறுபங்கை மகரிலேயே அடக்கம் செய்தனர் என்பது மரபு. இன்று மகரில் ஒரே வளாகத்தில் அவருடைய சமாதியும் தர்காவும் அருகருகே விளங்குகின்றன. 1997-இல் அப்பகுதி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது சந்த் கபீர் நகர் என்றே பெயர் பெற்றது.

அவர் எழுதி வைத்தது ஏதுமில்லை. பிறர் நினைவில் வைத்ததே எஞ்சியது. சீக்கிய குரு அர்ஜன் 1604-இல் தொகுத்த ஆதி கிரந்தத்தில் அவர் பெயரால் இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களும், அவ்வாறே இருநூறுக்கும் மேற்பட்ட ஈரடிகளும் உள்ளன. கபீர் நெறியினர் பீஜக் என்னும் தொகுப்பைத் திருநூலாகப் போற்றுகின்றனர். இரவீந்திரநாத் தாகூர் நூறு பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட பின் மேலை நாட்டாரும் அவரை அறிந்தனர்.

காசியின் தறிகள் இன்னும் முற்றும் ஓயவில்லை. விசைத்தறியின் வரவால் கைத்தறி நெசவாளர் பலர் வேறு தொழில் தேடிச் சென்றதும் உண்மை. பனாரஸ் பட்டுப் புடவைக்குப் புவிசார் குறியீடு 2009-இல் கிடைத்தது. 2015 முதல் ஆகஸ்டு 7-ஆம் நாளைத் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடி வரும் இந்திய அரசு, சிறந்த நெசவாளர்க்கு வழங்கும் விருதைக் கபீரின் பெயராலேயே அமைத்துள்ளது. இந்துக்களின் திருமணத்துக்கும் பண்டிகைக்கும் உரிய காசிப் பட்டைப் பெரும்பாலும் நெய்து வருபவர்கள், கபீர் வளர்ந்த அந்த நெசவாளர் குலத்தின் வழியினரான இஸ்லாமியக் குடும்பத்தினரே.

கபீர் வாழ்ந்த பகுதி காசியில் கபீர்சௌரா என்று வழங்குகிறது. அங்குள்ள திருமடத்தை ஒட்டி நீரு டீலா என்னும் மேடு உண்டு. நீருவின் வீடும் தறியும் இருந்த இடம் அதுவே என்பர். நீருவும் நீமாவும் அங்கேயே அடக்கம் பெற்றுள்ளனர். காசி யாத்திரை செல்லும் அன்பர்கள் விசுவநாதர் தரிசனம் முடித்த பின் அவ்விடத்துக்கும் சென்று வரலாம்.